மழையா, மலையா? வானொலிக் கருவிகளுக்கு இசையால் ஒரு தேர்வு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, வத்திராயிருப்பைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்று அங்கே இரண்டு அணைகள் உண்டு. மலையில் மழை பெய்தால் அணைக்கு நீர் வரும். அணை திறந்தால் கண்மாய்களுக்கு நீர் வரும். ஆகவே அந்தப் பக்கத்து உழவருக்கு மழைச் செய்தி என்பது பொழுதுபோக்கு அல்ல. வரப்பின் மேல் ஒரு சிறு வானொலிப் பெட்டி. அறிவிப்பாளர் “மழை” என்கிறார். கேட்பவர் காதில் “மலை” என்று விழுந்தால்? “எழுபது” என்றது “எண்பது” என்று விழுந்தால்?

பெட்டி பழையது, அதனால்தான் அப்படி, என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அறிவிப்பாளரின் வாயிலிருந்து நம் காது வரை அந்த ஒலி எத்தனை கருவிகளைக் கடந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒலிவாங்கி, கலப்பு மேசை, மின்பெருக்கி, ஒலிப்பதிவுக் கருவி, நிலையத்திலிருந்து பரப்பிக்குச் செல்லும் இணைப்பு, ஒலிமட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, பரப்பி, ஆகாயம், கடைசியாக உங்கள் பெட்டி. இவற்றில் ஏதேனும் ஒன்று கெட்டிருந்தாலும் குரல் கெடும். எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொறியாளரிடம் அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரே சீராக ஒலிக்கும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைச் சங்கிலியின் ஒரு முனையில் கொடுத்து, மறுமுனையில் அளந்து பார்ப்பார். “பீ…” என்று காதைத் துளைக்கும் அந்த ஒலியை நீங்களும் எப்போதாவது கேட்டிருப்பீர்கள். மட்டம் குறைந்ததா, கூடியதா என்று முள் காட்டிவிடும். பிறகு 50, 100, 5,000, 10,000 ஹெர்ட்ஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம்.

இது அவசியமான சோதனை. ஆனால் போதுமான சோதனை அல்ல. காரணம் என்னவென்றால், உலகத்தில் யாரும் ஒற்றை அதிர்வெண்ணில் பேசுவதில்லை, பாடுவதும் இல்லை. ஒழுங்கற்ற ஒரு மின்பெருக்கிக்குள் 1,000 ஹெர்ட்ஸும் 1,100 ஹெர்ட்ஸும் ஒன்றாக நுழைந்தால், வெளியே அவை இரண்டு மட்டும் வருவதில்லை. 100, 900, 1,200, 2,100 என்று அழையாத விருந்தாளிகளும் கூடவே வருகிறார்கள். இரண்டு ஒலிகளுக்கே இந்தக் கதி என்றால், நாகஸ்வரம், தவில், ஒத்து எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது என்ன ஆகும்? அந்தக் கலவரத்தை ஒற்றை ஒலி காட்டிக்கொடுக்காது. இசைதான் காட்டும்.

எந்த இசை? அதுதான் கேள்வி.

கைத்தாளக் கட்டைகளும் ஒரு தனிப்பாட்டும்

ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 1988-ல் ஒலித்தரத்தை மதிப்பிடுவதற்கென்றே ஒரு குறுந்தகட்டை வெளியிட்டது. நல்ல பாட்டு கேட்கலாம் என்று அதை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். கைத்தாளக் கட்டைகள், மணிப்பட்டைகள், ஹார்ப்சிகார்ட், பேசும் ஆண், பேசும் பெண் என்று துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் கருவியின் ஒரு பலவீனத்தைக் குறிவைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கைத்தாளக் கட்டைகள் ஸ்பெயின் நாட்டு நடனக்காரர்கள் விரலிடுக்கில் வைத்துத் தட்டுபவை. டக் என்று ஒரு நொடிப்பொழுதில் பிறந்து மறையும் ஒலி. முன்னும் பின்னும் அமைதி.

இன்று வானொலி நிலையத்தில் பாட்டுகள் பெரும்பாலும் கணினியில்தான் இருக்கின்றன. இடத்தை மிச்சப்படுத்த ஒலியைச் சுருக்கி வைப்பதும் உண்டு. எம்.பி.3 போன்ற சுருக்குமுறை ஒலியைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டம் சுமார் 26 மில்லிவிநாடி. காதுக்குத் தெரியாது என்று கருதுவதை ஒவ்வொரு கட்டத்திலும் விட்டுவிடுகிறது. விட்டதனால் உண்டாகும் பிழை, இரைச்சலாகக் கட்டம் முழுவதும் பரவி நிற்கும். கட்டத்தின் நடுவே டக் என்று ஓர் அடி விழுந்தால், அடிக்கு முன்னாலேயே அந்த இரைச்சல் கேட்டுவிடும்! இடிக்கு முன் எதிரொலி வந்ததுபோல. கூட்டு இசையில் இது மறைந்துவிடும். தனியாக ஒலிக்கும் தாளக் கட்டையில் மறையாது.

அந்தச் சுருக்குமுறையை ஜெர்மனியில் உருவாக்கியவர்களுள் ஒருவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். அவருடைய முறை பல இசைகளை நன்றாகவே சுருக்கிவந்தது. அப்போது சுசான் வேகா என்ற பாடகி பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டை அதில் போட்டுப் பார்த்தார். 1987-ல் வந்த இசைத்தட்டில் உள்ள பாட்டு அது. குரல் சகிக்கவில்லை. தனிக்குரல் தானே, எளிதாயிற்றே என்று நாம் நினைப்போம். ஆனால் மறைத்துக்கொள்ள வேறு ஒலி எதுவும் இல்லாதபோதுதான் குறை வெளியே தெரிகிறது. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தம் முறையை அவர் திருத்தினார்.

ஆக, சோதனை இசை என்பது இனிய இசை அல்ல. கருவியை மாட்டிவிடும் இசை. இனி நம் வீட்டுக்கு வருவோம். ஐரோப்பியர் தேர்ந்தெடுத்த துண்டுகளில் தம்புராவுக்கோ மிருதங்கத்துக்கோ ஜால்ராவுக்கோ ஆன சோதனையைத் தேட முடியாது. கைத்தாளக் கட்டையில் தேறிய கருவி நம் இசையிலும் தேறிவிடும் என்று நம்பலாமா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தம்புரா செய்யும் வேலை

ஆல் இந்தியா ரேடியோவின் அடையாள இசையைக் கேட்டிருக்கிறீர்களா? 1930-களில் பம்பாய் நிலையத்தில் இசைப் பொறுப்பில் இருந்த வால்ட்டர் காஃப்மன் அமைத்தது என்று சொல்லப்படுவது அது. பின்னணியில் தம்புரா மீட்ட, வயலின் மேலே எழும். நிகழ்ச்சிகள் தொடங்கும் முன் அது ஒலிக்கும்போது நேயர் முள்ளைத் திருப்பி நிலையத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்வார். சோதனை என்று யாரும் சொல்லாவிட்டாலும், அந்த ஒரு தம்புராவே ஒரு நல்ல சோதனைதான்.

தம்புராவின் பாலத்தில், தந்திக்கு அடியில் ஜீவாளி என்னும் சிறு நூலைச் செருகுவார்கள். நூல் சரியான இடத்தில் நின்றால் தந்தி ‘கார்ர்’ என்று உயிர்பெற்று ஒலிக்கும். திருச்சிக்கு அருகில் பிறந்த நம் சி. வி. ராமன் இதை ஆராய்ந்து 1921-ல் எழுதினார். ஒரு தந்தியை அதன் சரிபாதியில் மீட்டினால், அந்த இடத்தில் அசைவற்று நிற்கவேண்டிய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. வளைந்த பாலத்தைக் கொண்ட தம்புராவும் வீணையும் அந்த விதியை மீறுகின்றன. எழக்கூடாத மேற்சுரங்களும் எழுகின்றன என்று காட்டினார். ஆகவே தம்புராவின் ஓர் ஒலிக்குள் ஏராளமான அதிர்வெண்கள் வரிசையாக நிற்கின்றன. கருவியில் சிறிது கோளாறு இருந்தாலும் அந்த வரிசை கலைந்துபோகும். காது அதை உடனே உணரும்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் தம்புரா செய்கிறது. ஒலிபரப்பில் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று உண்டு. ஒலி மிகுந்தால் தாழ்த்தும், குறைந்தால் உயர்த்தும். ஓடும் பேருந்தில் கேட்பவருக்கும் எல்லாம் கேட்க வேண்டுமே! இந்தக் கருவியை அவசரக்காரனாக அமைத்துவிட்டால் என்ன நடக்கும்? பாடகர் ஓர் அடியைப் பாடி மூச்சு வாங்க நிறுத்துகிறார். “அடடா, ஒலி குறைந்துவிட்டதே” என்று கருவி தம்புராவைத் தூக்கிவிடும். பாடகர் மீண்டும் தொடங்கியதும் தம்புரா தொப்பென்று கீழே விழும். கச்சேரி முழுவதும் தம்புரா கடலலைபோல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். சுருதி என்பது அசையாமல் நிற்பதற்காக வைத்தது, அதுவே ஊஞ்சலாடினால்? இடைவிடாத சுருதி இல்லாத இசையை வைத்துச் சோதித்தால் இந்தக் குறை எளிதில் அகப்படாது. நம் இசைக்குத் தம்புராவை வைத்தே சோதிக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

நாடாவும் இசைத்தட்டும் ஓடிய காலத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. நாடா சீரான வேகத்தில் ஓடாவிட்டால் சுருதி நடுங்கும். இதைக் கண்டுபிடிக்க நல்ல ராக ஆலாபனையைப் போட்டால் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் கமகமே சுருதியின் அசைவுதான். நடுக்கம் பாடகருடையதா, நாடாவினுடையதா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அங்கே வேண்டியது உயிரற்ற, அசைவற்ற, நீண்ட ஒரு சுரம். சுருதிப் பெட்டி போதும். மிக நல்ல இசை சில சமயம் மிக மோசமான சோதனை!

முள் பார்க்காத அடி

மிருதங்கத்துக்கு வருவோம். சாதாரணமாகத் தோலை அடித்தால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. வெறும் ‘டம்’ என்ற சத்தம்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் ஒட்டியிருக்கும் கரணை, தோலின் நடுவைக் கனமாக்கி, மேற்சுரங்களை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று கண்டவரும் ராமன்தான் (1920). ஆகையால் மிருதங்கம் தாளக் கருவி மட்டுமல்ல, சுருதிக் கருவியும்கூட.

ஆனால் ஒலிபரப்புப் பொறியாளருக்கு அது கொடுக்கும் தலைவலி வேறு. நிலையங்களில் ஒலிமட்டத்தைக் காட்டும் முள் மானி ஒன்று 1939 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதன் முள் ஒரு மட்டத்துக்கு ஏறி நிற்க 300 மில்லிவிநாடி ஆகும். பேச்சுக்கு அது போதும். மிருதங்கத்தின் ஓர் அடியோ சில மில்லிவிநாடியில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுகிறது. முள் சோம்பலாகப் பாதி தூரம் ஏறுவதற்குள் ஆள் வந்து போயாயிற்று. முள்ளைப் பார்ப்பவர் எல்லாம் ஒழுங்கு என்று நினைப்பார். உள்ளே அடியின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். உச்சத்தையே காட்டும் மானிகள் சுமார் 10 மில்லிவிநாடியில் வேலை செய்வதால் இதில் ஓரளவு தேவலை. கடம், கஞ்சிரா இரண்டும் இதே சோதனைக்கு உதவும். மானாமதுரைக் கடத்தைத் தனியாக, வேறு பக்கவாத்தியம் இன்றி ஒலிக்கவிட்டுக் கேட்டால், முன்பு சொன்ன கைத்தாளக் கட்டைக்கு அது சற்றும் இளைத்ததல்ல.

ஜால்ராவின் வம்பு

நம் பஜனையில் சிறியதாக இருந்துகொண்டு பெரிய வம்பு செய்வது ஜால்ரா. மத்திய அலையில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 1978 முதல் இந்த ஏற்பாடு. அதனால் நம் பெட்டியில் சுமார் 4,500 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் மிஞ்சாது. ஜால்ராவின் சிணுக்கத்தில் பெரும் பகுதி அதற்கு மேலே போய்விடுவதால், மத்திய அலையில் அது ‘டிக் டிக்’ என்று கரண்டியால் தட்டுவதுபோல் கேட்கும். அது கருவியின் குற்றமல்ல.

பண்பலையில் 15,000 ஹெர்ட்ஸ் வரை இடமுண்டு. ஆனால் அங்கே வேறு சூட்சுமம். உயர் அதிர்வெண்களைப் பரப்புமுன் வேண்டுமென்றே உயர்த்தி, பெட்டியில் அதே அளவு தாழ்த்துகிறார்கள். அப்படிச் செய்தால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து தாழும். 50 மைக்ரோவிநாடி என்ற அளவுமுறையில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலி மூன்று மடங்குக்கும் சற்று மேலாக உயர்த்தப்படுகிறது. வயலினுக்கும் குரலுக்கும் இது தொந்தரவில்லை. அவற்றில் அந்த உயரத்தில் ஒலி சொற்பம். ஜால்ராவோ அங்கேதான் குடியிருக்கிறது! மூன்று மடங்கு உயர்ந்த ஜால்ரா எல்லை மீறாமலிருக்கக் கட்டுப்பாட்டுக் கருவி பாய்ந்து அமுக்கும். அமுக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கினால், ஒவ்வொரு ஜால்ரா அடிக்கும் பாடகரின் குரல் ஒரு கணம் பதுங்கி எழும். அடுத்த முறை பண்பலையில் பஜனைப் பாட்டு வந்தால் இதைக் கவனியுங்கள். கவனித்துவிட்டால் பிறகு பாட்டை ரசிக்க முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஒரே வில்லில் பல அம்புகள்

இத்தனை கருவிகளையும் தனித்தனியே பதிவு செய்ய நேரமில்லை. ஒன்றே ஒன்று கொடுங்கள் என்று என்னைக் கேட்டால், வில்லுப்பாட்டைச் சொல்வேன். 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் இருப்பது வில்லுப்பாட்டின் சொந்த மண்ணில். வானொலியிலும் மேடையிலும் அதை நாடறியச் செய்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) அந்தச் சீமைக்காரரே.

வில்லுப்பாட்டில் என்ன இருக்கிறது பாருங்கள். வில்லின் நாணில் வீசுகோல் படும்போது கட்டியிருக்கும் மணிகள் கலகலவென்று சிதறும்; அது உயர் அதிர்வெண். குடத்தின் வாயில் அடிக்கும் ‘கும்’ என்ற ஒலி. அது தாழ் அதிர்வெண். உடுக்கை, ஜால்ரா, கட்டை மூன்றும் கூர்மையான அடிகள். பாட்டு உண்டு, பாட்டுக்கு நடுவில் சாதாரணப் பேச்சு உண்டு, “ஆமாம்” என்று பின்பாட்டுக்காரர் கூட்டாகச் சொல்வது உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் மோதும்போது கதை சொல்பவரின் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கிறதா? கேட்டால் அந்தக் கருவிச் சங்கிலி தேறிற்று.

குடத்தைச் சொன்னேன் அல்லவா? சிறு பெட்டியின் ஒலிபெருக்கி உள்ளங்கை அகலம்கூட இராது. தாழ் ஒலி அதில் எழும்பாது. இருந்தும் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்கிறதே, எப்படி? 120 ஹெர்ட்ஸ் குரலுக்கு 240, 360, 480 என்று மேற்சுரங்கள் உண்டு. அவை வந்து சேர்ந்தால் போதும். வராத 120-ஐ நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாத பழைய தொலைபேசியில் மாமாவின் குரலை நாம் அடையாளம் கண்டது இப்படித்தான். ஆகவே தாழ் ஒலிக்குக் குரலை வைத்துச் சோதிப்பது ஏமாற்றம் தரும். குடத்தின் ‘கும்’முக்கு அப்படி ஒழுங்கான மேற்சுரங்கள் இல்லாததால் அது ஏமாற்றாது.

மறுபடியும் மழை

இசையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், வரப்பில் இருக்கும் உழவருக்கு வேண்டியது பேச்சு. இங்கிலாந்தின் பி.பி.சி. பொறியாளர்கள் ஒலிபெருக்கிகளை உருவாக்கும்போது மனிதக் குரலையும் ஒரு முக்கியமான அளவுகோலாகக் கொண்டார்கள். நாம் பிறந்தது முதல் கேட்டுவரும் வாத்தியம் அது ஒன்றுதானே!

தமிழுக்கென்று இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் வாயறையின் மூன்றாவது ஒத்ததிர்வு. ஆண் குரலில் ‘ழ’ சொல்லும்போது அது சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு அருகிலோ கீழேயோ இறங்கிவிடும். ‘ல’ சொல்லும்போது அதற்கு நன்றாக மேலே நிற்கும். எனவே 1,500-லிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி மங்கினாலோ கலங்கினாலோ ‘மழை’ ‘மலை’ ஆகிவிடும். மத்திய அலையின் குறுகிய பாதைகூட இந்தப் பகுதிக்குத் தாராளமாகப் போதும். அப்படியிருந்தும் கேட்கவில்லை என்றால் பழியை அலையின் மேல் போட முடியாது.

இடமும் ஒரு காரணம் ஆகலாம். கோடைப் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர்தான். மலை குறுக்கிட்டால் அதற்குப் பின்னால் நிழல் விழும். பிளவக்கலுக்கும் வடக்கே இருக்கும் கோடைக்கானலுக்கும் இடையில் வருசநாட்டுப் பக்கத்து மலைகள் நிற்கின்றன. திருநெல்வேலிக்கு உரிய 1,197 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளமோ சுமார் 250 மீட்டர். அது தரையோடு ஒட்டிப் படர்ந்து மேடுபள்ளங்களைச் சுற்றி வளைந்துவிடும். அணைக்கரையில் நின்று பெட்டியைத் திருப்பும்போது, இரைச்சல் கருவியால் வந்ததா, மலையால் வந்ததா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டடி நகர்ந்ததும் ஒலி மாறினால், குற்றவாளி மலைதான்.

நீங்களே செய்யலாம்

உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு வருகிறது. இரண்டு ஒலிவாங்கிகளில் எது நல்லது? கைபேசியில் சோதனைத் துண்டுகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள்: சுருதிப் பெட்டி அரை நிமிடம், கடமோ தண்ணீர்க் குடமோ தனியாக, ஜால்ராவோடு ஒரு பாட்டு. பேச்சுக்கு வாக்கியம் வேண்டாம். வாக்கியம் என்றால் மனம் ஊகித்துவிடும். மழை, மலை, பழம், பலம், வாழை, வாளை, கிளி, கிலி, கிழி, எழுபது, எண்பது என்று தனிச் சொற்களை ஒழுங்கின்றிக் கலந்து நண்பன் படிக்கட்டும். மற்றவர்கள் தம் காதில் விழுந்ததை எழுதட்டும். எந்த ஒலிவாங்கியில் பிழை குறைவு என்று எண்ணிவிடலாம். மின்பெருக்கியின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் இருக்கும்.

இசைக்கு எழுத்துத் தேர்வு வைக்க முடியாது. அங்கே திரைக்குப் பின்னால் ஒருவர் நின்று கருவிகளை மாற்ற வேண்டும். கேட்பவருக்கு எது ஓடுகிறது என்று தெரியக்கூடாது. இரண்டின் ஒலிமட்டமும் சமமாக இருக்கவேண்டியது மிக மிக முக்கியம். சற்றே உரக்கக் கேட்பதை நம் காது ‘நல்லது’ என்று சொல்லிவிடும். கடைக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். ஒவ்வொரு முறையும் எதை ஒலிக்கவிடுவது என்று நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யுங்கள். பத்து முறை கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்தோ ஆறோ சரியாகச் சொன்னால் அது குருட்டாம்போக்கு. ஒன்பதோ பத்தோ சரி என்றால், வெறும் அதிர்ஷ்டத்தால் அப்படி நேர்வதற்கு 1,024-ல் 11 தடவைதான் வாய்ப்பு. ஏன் 11 என்று உங்கள் கணக்கு ஆசிரியரைக் கேளுங்கள்.